கழுதைப் பாறையில் முப்பத்தொரு படகுகள்

ஜூன் 3

அக்கா,

இது போனில் சொல்ல வேண்டிய சேதி. ஆனால் மீன் கணக்குச் சீட்டில் இன்னும் இரண்டு கட்டம் கூட்டச் சொன்னதற்காக ஏப்ரலில் நீ போனை வைத்த வேகம் இருக்கிறதே, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உங்கள் ஏரிப் படகுத்துறை வங்கியின் முன்பணப் பட்டியலில் ஏறப்போகிறது! காலையில் மேலாளர் சொன்னார். நான் டீயை மேசையில் கொட்டிவிட்டேன். இதனால் என்ன ஆகும் என்று உன் மீனவர் சங்கத்து ஆட்களுக்குச் சொல்ல வசதியாக எளிமையாகவே எழுதுகிறேன். இப்போது நீங்கள் எங்கள் கம்பெனிக்கு மீனைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அறுபது நாள் காத்திருக்கிறீர்கள். அந்த அறுபது நாளும் ஐஸ்காரரிடம் கை நீட்டுகிறீர்கள். கை நீட்டிய பாவத்துக்கு, நல்ல மீனில் பாதியை அவர் சொன்ன விலைக்கே அவரிடம் விடுகிறீர்கள். இனி எங்கள் கம்பெனி பில்லை ஒப்புக்கொண்டதும் வங்கி மூன்றாம் நாளே உங்களுக்குப் பணம் போட்டுவிடும். அறுபதாம் நாள் எங்களிடம் வாங்கிக்கொள்ளும். ஐஸ்காரர் இனி ஐஸ் மட்டும் விற்கலாம்.

இப்போது சிக்கல். எங்கே பிடித்தது என்று தெரியாத மீனுக்கு வங்கி முன்பணம் தராது. உங்கள் சீட்டுகளைப் பார்த்த வங்கி ஆய்வாளர் அம்மா, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை அடித்திருக்கிறார். பிப்ரவரியிலிருந்து நான்கு மாதமாக, முப்பத்தொரு படகும், ஒரு நாள் தவறாமல், “பிடித்த இடம்: கழுதைப் பாறை.”

அக்கா, கழுதைப் பாறையை எனக்குத் தெரியாதா? அதில் நாலு படகைக் கட்டினால் ஐந்தாவதுக்கு இடம் கிடையாது. முட்டையிடும் காலத்துக்காக மூடிவைத்திருக்கும் கோரைக்காட்டில் யாரோ வலை போட்டுவிட்டு மறைக்கிறார்கள் என்று அந்த அம்மா சந்தேகப்படுகிறார். ஒரே ஒரு படகு அங்கே போயிருந்தாலும் மொத்தத் துறையும் பட்டியலுக்கு வெளியே.

என்ன நடக்கிறது அங்கே? உடனே எழுது.

தம்பி


ஜூன் 7

தம்பிக்கு,

நீ கம்பெனியில் மீன் வாங்குகிறவன். தண்ணீரில் வளர்ந்தவன் என்பதை மறந்துவிட்டாயே என்றுதான் கோபம்.

மீன் கிடைக்கும் இடத்தை எவனாவது அடுத்தவனிடம் சொல்வானா? உன் மாமா என் கழுத்தில் தாலி கட்டிப் பதினாறு வருடம் ஆகிறது. வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணைச் சொல்வார், வலை போடும் இடத்தைச் சொல்ல மாட்டார். நீ அனுப்பிய சீட்டில் “பிடித்த இடம்” என்று கட்டம் போட்டிருந்தாய். அந்தச் சீட்டு துறையில், தராசுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில் கிடக்கும். முதல் நாள் முதல் ஆளாக உன் மாமாதான் வந்தார். எங்கே என்றேன். “கழுதைப் பாறைன்னு போடு,” என்றார். அங்கே ஒரு தவளைகூடக் கிடைக்காது என்று ஊருக்கே தெரியும். அடுத்தவர் வந்தார்: “அதேதான்.” அதற்கடுத்தவர் சிரித்துக்கொண்டே, “எனக்கும் அதே.” முப்பத்தொன்றையும் எழுதி முடித்தபோது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

பொய் என்று தெரிந்துதான் எழுதினேன். செயலாளர் கையெழுத்தும் போட்டேன். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லோருக்கும் தெரிந்த பொய்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சீட்டு ஏரியை விட்டுப் போய், ஏரியையே பார்க்காத ஒரு அம்மா மேசையில் உட்காரும் என்று யோசிக்கவில்லை. அது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

கோரைக்காட்டுக்கு யாரும் போகவில்லை. போயிருக்க மாட்டார்கள். போயிருந்தால் நான் கொன்றுவிடுவேன். இந்தப் பட்டியல் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியாது. போன வாரம் ஐஸ்காரர் தராசுக்கு முன்னால் நின்று, தானே மீனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். நான் பேனாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு வருடம் அப்படி நிற்க என்னால் ஆகாது.

வழி சொல். உபதேசம் வேண்டாம்.

அக்கா


ஜூன் 11

அக்கா,

உன் கடிதத்தை உணவு இடைவேளையில் படித்தேன். சத்தமாகச் சிரித்துத் தொலைத்தேன். பக்கத்து மேசைக் கணக்கர் எட்டிப்பார்த்தார். முப்பத்தொரு பேரும் “அதே”! மாமாவை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

சிரித்து முடித்த பிறகு ஒரு யோசனை வந்தது. இரண்டு நாளாக வேறு வேலை ஓடவில்லை. இந்தக் கட்டோடு ஏரி வரைபடம் அனுப்பியிருக்கிறேன். ஏரியை அறுபது சதுரமாகப் பிரித்து எண் போட்டிருக்கிறேன். கோரைக்காடு 27, 28, 29. ஒவ்வொருவரும் கரையேறியதும் படகு எண்ணையும் சதுர எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, மூடிய பெட்டியில் போட வேண்டும். எழுதுவதை யாரும் பார்க்கக்கூடாது. நீயும்தான். பெட்டிச் சாவி வங்கி அம்மாவிடம். அவர் மட்டும் பார்ப்பார், யாரிடமும் சொல்ல மாட்டார். ஏரி முழுக்கத் தெரிய வேண்டியது அவருக்குத்தானே, அடுத்த படகுக்காரனுக்கு இல்லையே.

மேலாளரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அந்த அம்மாவிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசிப்பதாகச் சொன்னவர், ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டுச் சரி என்றார். ஜூன் 30 அன்று நேரில் வருகிறார். அன்றைக்கு முப்பத்தொரு படகின் சீட்டும் பெட்டியில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிடையாது. பழைய நான்கு மாதச் சீட்டு உண்மையில்லை என்று சங்கம் எழுதித் தரவும் வேண்டும்.

சிவப்பு மை எங்கெங்கே என்று நீயே பார்க்க, உங்கள் விண்ணப்பக் கட்டு முழுவதையும் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

மாமாவிடம் பக்குவமாகப் பேசு.

தம்பி


ஜூன் 16

தம்பிக்கு,

பெட்டி தயார். பழைய பிஸ்கட் டின். வெல்டிங் கடையில் மூடிக்குக் கீல் ஒட்டி, மேலே கீற்று வெட்டி, பூட்டு போட்டுக் கொடுத்தார்கள். சாவியைப் பதிவுத் தபாலில் அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். எழுதுவதற்கு ஐஸ் கொட்டகையின் மூலையில் ஒரு தார்ப்பாய் மறைப்பு. கூட்டத்தில் முதலில் ஒரே கூச்சல். எடை போடும் தாடிக்காரர் எழுந்து, “செயலாளரம்மாவுக்கும் தெரியாதுன்னா எனக்குச் சம்மதம்,” என்றார். அவர் இறங்கியதும் மற்றவர்களும் இறங்கினார்கள். இப்போது கரையேறியதும் வரிசையில் நின்று மறைப்புக்குள் போகிறார்கள். வெளியே வரும்போது முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்கிறார்கள். ஓட்டுச்சாவடியே தோற்றது போ. எனக்கு ஒவ்வொரு நாளும் திருவிழா மாதிரிதான் இருக்கிறது.

முப்பது படகு. முப்பத்தொன்று இல்லை. உன் மாமா போட மாட்டேன் என்கிறார்.

துறையில் அதிக மீன் கொண்டுவருவது அவர்தான். விடியலில் கோரைப் பக்கமாகப் போவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். யாரும் என் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. நேற்று நானே கேட்டேன். “தப்பான எடத்துல பிடிக்கல. அவ்வளவுதான் சொல்லுவேன்,” என்றுவிட்டு வலையைத் தைக்க உட்கார்ந்துவிட்டார். பயமாக இருக்கிறது, தம்பி.

இனி உன் விஷயம். கட்டு முழுவதும் பார்த்தேன், ஒன்பதாம் பக்கம் உட்பட. அதை நான் பார்ப்பேன் என்று நீ நினைக்கவில்லை போலிருக்கிறது. “விற்பவர் தரப்பில் கொள்முதல் அலுவலருக்கு உறவினர் உண்டா?” “இல்லை.” கீழே எட்டாம் வகுப்பிலேயே நீ பழகிய வால் நீண்ட கையெழுத்து.

மூன்று தடவை படித்தேன். உன்னைத் தினமும் படகில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது யார்? அக்கரைக்காரியா? அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. கோபம்தான் எனக்கு ஒத்துவருகிறது.

நான்கு மாதமாக நான் எழுதியது பொய் என்று செயலாளர் கையெழுத்தோடு எழுதிக் கொடுக்கப்போகிறேன். இங்கே முப்பது பேர் இடத்தை எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவனுக்கு மட்டும் ஒரு கழுதைப் பாறை எதற்கு? இருபத்தைந்தாம் தேதிக்குள் நீயே உன் மேலாளரிடம் சொல். இல்லையென்றால் முப்பதாம் தேதி அந்த அம்மாவிடம் நான் சொல்வேன்.

அக்கா


ஜூன் 19

அக்கா,

உண்டு என்று எழுதியிருந்தால் உங்கள் கட்டை என் மேசைப் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள். வேறு யாராவது ஓரமாக ஒதுக்கிவைத்திருப்பார்கள். சின்னத் துறை, யாருக்கு அக்கறை? அந்தப் பயத்தில் எழுதினேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து நாலு மாதம் ஆகிவிட்டது.

ஆனால் ஒரு கிலோ கூட்டவில்லை. விலையில் ஒரு காசு தூக்கிவிடவில்லை. மற்றத் துறைகளைவிட உங்களிடம்தான் கெடுபிடி செய்தேன், அதற்குத்தானே நீ போனை வைத்தாய்? எல்லாம் நேர்மையாகத்தான் நடந்தது. இப்போது சொன்னால் வேலை போகலாம், உங்கள் விண்ணப்பமும் சேர்ந்து கிழியலாம். முப்பதாம் தேதி தாண்டட்டும். பட்டியலில் பெயர் ஏறட்டும். மறுநாளே சொல்கிறேன். உனக்காகத்தானே செய்தேன்.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

“தப்பான இடத்தில் பிடிக்கவில்லை, ஆனால் எங்கே என்று சொல்ல மாட்டேன்.” உன் மாமா சொல்வதும் நீ எழுதியிருப்பதும் ஒன்றுதான். உங்கள் இருவரையும் ஒரே படகில் ஏற்றி அந்தப் பாறையில் இறக்கிவிட்டால் எனக்கு நிம்மதி.

அவரை நான் நம்புகிறேன். உன்னையும் நம்புகிறேன். ஆனால் அந்த அம்மா என் நம்பிக்கையைப் பார்க்க இத்தனை தூரம் வரவில்லை.

எனக்காகச் செய்ததாக எழுதியிருக்கிறாய். இல்லை என்று எழுதச் சொல்லி நான் கேட்டேனா? பட்டியலில் ஏறிய பிறகு இது வெளியே வந்தால், தம்பி இருந்ததால்தான் ஏறினார்கள் என்று நாளை ஐஸ்காரரே சொல்வார். முப்பத்தொரு வீட்டுக்கு அந்தப் பேச்சு வேண்டாம். கிழிந்தால் இப்போதே கிழியட்டும்.

இருபத்தைந்து.

அக்கா


ஜூன் 25

அக்கா,

சொல்லிவிட்டேன்.

 காலையில் மேலாளர் அறைக்கு முன்னால் மூன்று தடவை நடந்தேன். நாலாவது தடவை அவரே கதவைத் திறந்து, “உள்ள வா, தரை தேஞ்சிடும்,” என்றார். ஒன்பதாம் பக்கத்தை எடுத்து முன்னால் வைத்தேன். “அந்தத் துறையோட செயலாளர் என் சொந்த அக்கா சார்,” என்றேன். எத்தனை தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம் தெரியுமா? 

 அவர் வங்கி அம்மாவைப் போனில் கூப்பிட்டு, என்னையே மறுபடி சொல்லவைத்தார். சொன்னேன். நான் போட்ட ஒவ்வொரு விலையையும் மற்றத் துறை விலைகளோடு வைத்துப் பார்த்தார்கள். மாலை நாலு மணிவரை வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் ஏழு வருட வேலையில் இவ்வளவு நீளமான நாள் வந்ததில்லை.

முடிவு: வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு வருடத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. மீன் பக்கமே தலைகாட்டக்கூடாது. நாளை முதல் மீன் ஊறுகாய் ஜாடிக்கு மூடி வாங்கும் பிரிவில். மூடி, அக்கா! வட்டமான தகர மூடி. உங்கள் கட்டை வேறு ஒரு அலுவலரம்மா முதலிலிருந்து பார்ப்பார். முப்பதாம் தேதி ஆய்வு நிற்கவில்லை, நடக்கும்!

வெளியே வந்தபோது தெருவில் ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடினேன், பேருந்து நிறுத்தம்வரை. மூச்சு வாங்கியது. நாலு மாதமாக ஒவ்வொரு முறை தொலைபேசி அடித்தபோதும் அந்த ஒன்பதாம் பக்கம்தான் நினைவுக்கு வந்தது, இன்று வரவில்லை.

இந்தக் கடிதத்தைச் சங்கத்தில் வாசி. மாமா இருக்கும்போது வாசி.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

உட்கார்ந்து படி.

இருபத்தெட்டாம் தேதி உன் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். “மூடி” என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமா சிரிக்கவில்லை. மறுநாள் விடியலில் எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டுச் சீட்டை எடுத்தார். தினமும் எழுதி வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், போட மட்டும் மனசு வரவில்லை! “மச்சானே சொல்லிட்டான், நான் என்ன பெரிய இவனா?” என்று கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் டின்னில் திணித்தார். எண்ணைப் பார்க்காமல் இருக்க நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினாறு வருடக் குடித்தனத்தில் அவ்வளவு கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை.

நேற்று அந்த அம்மா வந்தார். கையில் குடை, காலில் பளபளவென்று ஷூ. டின்னைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்த் தனியாகத் திறந்தார். இரண்டு மணி நேரம். நாங்கள் முப்பத்தொரு குடும்பமும் வெளியே வெயிலில். ஐஸ்காரரும் வந்து நின்றார், ஓசியில் ஒரு இழவைப் பார்க்க வந்தவர் மாதிரி.

அந்த அம்மா வெளியே வந்து, ஒரு படகின் சீட்டில் மட்டும் எண் தப்பாக இருக்கும் போலிருக்கிறது, அந்தப் படகில் போய் நேரில் பார்க்க வேண்டும் என்றார். படகு எண்ணைச் சொன்னார். உன் மாமாவுடையது.

 கோரைக்காடு என்றே முடிவு செய்துவிட்டேன். உன் மாமா முகம் செத்துப்போயிருந்தது. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மா படகில் ஏறினார். உன் மாமா துடுப்பைப் போட்டார். 

படகு ஐஸ் கொட்டகையைச் சுற்றிப் போயிற்று. கொட்டகையின் பின்பக்கம் போய் நின்றது.

அவ்வளவுதான், தம்பி! கூப்பிடு தூரம்கூட இல்லை. மீன் கழுவிய தண்ணீர் குழாய் வழியாக ஏரியில் விழுகிறதே, அந்த இடம். சதுரம் 2. அலசிய கழிவைத் தின்ன ஏரியின் கெளுத்தி மொத்தமும் அங்கே வந்து கிடக்கிறது. விடியலில் கோரைப் பக்கம் போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு, பனிமூட்டத்தில் சுற்றி வந்து நம் முதுகுக்குப் பின்னாலேயே வலையைப் போட்டிருக்கிறார். பதினாறு வருடமாக! நான் தராசுக்குப் பக்கத்தில் எடை எழுதிக்கொண்டிருப்பேன், அவர் சுவருக்கு அந்தப் பக்கம்.

 தாடிக்காரர் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கரை முழுக்கச் சிரிப்பு. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அந்த அம்மா படகில் நின்றபடி வலையைத் தூக்கச் சொன்னார். துள்ளுகிற மீனைப் பார்த்து ஒரு ஷூவைத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

27, 28, 29 எந்தச் சீட்டிலும் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மற்ற எண் ஒன்றையும் சொல்லவில்லை. ஐஸ்காரர் எப்போது போனார் என்று யாருக்கும் தெரியாது.

உன் மாமா நேற்றிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார். இன்று காலை கொட்டகைக்குப் பின்னால் ஒன்பது படகு நின்றது.

அக்கா


ஜூலை 9

அக்கா,

ஒரு ஷூ! அந்த அம்மா இங்கே யாரிடமும் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. மூடிப் பிரிவில் இருந்துகொண்டு மீன் பிரிவுக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதுவும் கேட்கக்கூடாது என்பது விதி. விதியை உடைக்க மாட்டேன். ஆனால் தலை வெடிக்கிறது. உன்னால் எழுத முடிந்ததை மட்டும் எழுது.

மாமாவிடம் சொல்: நானும் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில்தான் நீச்சல் பழகினேன். எனக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

தம்பி


ஜூலை 22

தம்பிக்கு,

பட்டியலில் ஏறிவிட்டோம். திங்கள்கிழமை மீன் ஏற்றினோம். இன்று வியாழன். காலை பத்தரைக்குப் பணம் போட்டதாக வங்கியிலிருந்து சேதி வந்தது. மூன்றாம் நாள்! எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தேன், முப்பத்தொரு படகுக்கும். நேற்று ஐஸ்காரர் வழக்கம்போல் வந்து மீனைப் பொறுக்கக் குனிந்தார். எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ, “இனிமே இங்க தராசுதான் பேசும்ணே, ஐஸுக்கு பில் குடுங்க,” என்றேன். கொடுத்தார். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் மாமாவுக்குப் புதிதாக ஒரு இடம் கிடைத்திருக்கிறதாம். எங்கே என்று கேட்டேன். சிரிக்கிறார். மறைப்புக்குள் போய் எழுதிப் போட்டுவிட்டு வருகிறார். நான் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் இடத்துக்கு வந்த அலுவலரம்மா, சங்கம் நிரப்ப வேண்டும் என்று ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். நாலாம் பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள்: “எங்கள் நிறுவனத்தில் உங்களுக்கு உறவினர் உண்டா?” பேனாவைத் திறந்து, “உண்டு. மூடி வாங்கும் பிரிவில், என் சொந்தத் தம்பி,” என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்தில் வளைத்து எழுதினேன்.

கீழே இன்னொரு கட்டம்: “அவருடன் தொடர்பில் உள்ளீர்களா?” ஏப்ரலிலிருந்து நான் உன் குரலைக் கேட்கவில்லை. பொய் எழுதக்கூடாதே என்று யோசித்தேன். பிறகு “ஆம்” என்று எழுதினேன். படிவம் அடுத்த வாரம் சனிக்கிழமை தபாலில் போகிறது. அதற்குள் அது உண்மையாக வேண்டும். அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுவேன்.

முதல் மணியிலேயே எடு.

அக்கா